ஒரு ஸ்டாப்பிங் முன்னாடி

மைக் டெஸ்டிங்குக்கு எல்லோரும் ஒன்று, இரண்டு, மூன்று சொல்வார்கள். அவன் சொல்ல மாட்டான். மேடையில் ஏறி, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அன்று பஸ்ஸில் காதில் விழுந்த ஏதாவது ஒரு பேச்சைச் சொல்வான். “அந்த எவர்சில்வர் தூக்கை உங்க அக்கா திருப்பிக் குடுக்கிற வரைக்கும் நான் அவ வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்.” காலி நாற்காலிகளைப் பார்த்து இதைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, “போதுமாண்ணே?” என்பான். நாற்காலி போடும் ஆட்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அவன் முகத்தில் மட்டும் ஒன்றும் இருக்காது. துக்கம் விசாரிக்க வந்தவன் வழி தெரியாமல் மேடை ஏறிவிட்ட மாதிரி நிற்பான்.

எனக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மைக் செட் கடை. கோயில் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம், காலேஜ் விழா என்று இருபத்தைந்து வருடமாக ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒயரில் எங்கே லூஸ் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நான் அவனுக்குச் செய்ததைச் சொல்லப் போகிறேன், அதில் அவன் பெயர் ஒட்டிக்கொள்ள வேண்டாம்.

பகலில் அவன் ஒரு டீத்தூள் கம்பெனி சேல்ஸ்மேன். சிதம்பரத்தில் அறை எடுத்துத் தங்கி, புவனகிரி, பரங்கிப்பேட்டை, லால்பேட்டை என்று நாளுக்கு ஒரு பக்கம் போய் மளிகைக் கடைகளில் ஆர்டர் எடுப்பான். கம்பெனியில் பைக் தருகிறேன் என்றார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பைக்கில் போனால் காதில் காற்றுதான் விழும் என்பான். பஸ்ஸில் நடு சீட்டில் உட்கார்ந்து, சாம்பிள் பையை மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வான். பார்ப்பவர்கள் தூங்குகிறான் என்று நினைத்து அவன் பக்கத்திலேயே குடும்ப ரகசியம் எல்லாம் பேசுவார்கள்.

சாயங்காலங்களிலும் லீவு நாட்களிலும் ஸ்டாண்ட்-அப் காமெடி. எங்கள் பக்கத்தில் அது என்னவென்றே நிறைய பேருக்குத் தெரியாது. ஒரு கல்யாண ரிசப்ஷனில் பெண்ணின் மாமா என்னிடம் வந்தார். “கூட ஆளுங்க யாரும் வரலயா? இவரு ஒருத்தருதானா?” என்றார். தனியாகத்தான் பேசுவார் என்றேன். “தனியா பேசுறதுக்கு எதுக்குங்க மேடை? எங்க சித்தப்பா கூடத்தான் தனியா பேசுறாரு” என்று சொல்லிவிட்டு, பந்தியைக் கவனிக்கப் போனார். இதை அவனிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். அந்த மாமா எந்த இடத்தில் தொண்டையைச் செருமினார் என்று கேட்டான். பத்து நாள் கழித்து நெய்வேலியில் ஒரு மேடையில் அதையே முதல் வாக்கியமாகச் சொன்னான், செருமலோடு. கூட்டம் அடங்க ஒரு நிமிடம் ஆனது.

அவனிடம் இரண்டு பிடிவாதம் இருந்தது. ஒன்று, ஊரை மாற்றுவான், ஆளை மாற்றுவான், பேச்சை மட்டும் மாற்ற மாட்டான். ஒரு வார்த்தை கூடச் சேர்க்க மாட்டான். போனில் ரெக்கார்ட் பண்ணவும் மாட்டான். ஏன் என்று கேட்டேன். “ரெக்கார்ட் பண்ணா போனு கேக்கும்ணே, நான் கேக்க மாட்டேன்” என்றான்.

இந்தப் பிடிவாதத்தால் ஒரு தடவை மாட்டிக்கொண்டான். பரங்கிப்பேட்டையில் ஒரு ஸ்கூல் ஆண்டு விழா. மச்சான் மலேசியாவிலிருந்து வாங்கி வந்த கைக்கடிகாரம் ஓடவில்லை என்று ஒருவர் பஸ்ஸில் சண்டை போட்ட கதையைச் சொன்னான். முடித்து இறங்கியதும் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். அடிதடி என்று நினைத்து நான் ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். அவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். “தம்பி, அது நாந்தான்! நான் பேசுனது அப்படியே இருக்கு! ஆனா அதுக்கப்புறம் மச்சான் ஒண்ணு சொன்னானே, அத ஏன் உட்டுட்டீங்க?” என்றார்.

“அது எனக்குத் தெரியாது பாய். நான் எறங்கிட்டேன்” என்றான் அவன்.

அதுதான் இரண்டாவது பிடிவாதம். பேச்சு சூடு பிடித்து நல்ல இடத்துக்கு வந்ததும் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவான். தன் ஊர் வராவிட்டாலும் இறங்குவான். வெயிலில் ஒரு கிலோமீட்டர் நடப்பான், அல்லது அடுத்த பஸ்ஸுக்கு நிற்பான். “எதையும் கடைசி வரைக்கும் கேக்கக் கூடாதுண்ணே. ஒரு ஸ்டாப்பிங் முன்னாடி எறங்கிடணும்” என்பான். மேடையிலும் அப்படித்தான். கூட்டம் வாய் விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவான்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறான். ஒயர் சுற்றிக்கொண்டிருந்தோம். லால்பேட்டை பஸ்ஸில் ஒரு புருஷன் பெண்டாட்டி, பிறக்கப் போகும் குழந்தைக்குப் பெயர் வைக்கச் சண்டை. அவர் சொல்லும் பெயர் எல்லாம் அந்தம்மாவுக்குப் பிடிக்காத சொந்தக்காரர்களின் பெயராகவே இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் வரைக்கும் அந்தச் சண்டை. அந்தக் கதைக்குச் சிரிப்பு விழாத மேடையே கிடையாது, எத்தனையோ தடவை நானே கேட்டிருக்கிறேன். ஆனால் அன்று அவன் அவர்களோடு ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கிறான். இறங்கும்போது அந்தம்மா புருஷனிடம் சொன்னாளாம்: “போன தடவையும் இப்படித்தான் பேரு வெச்சோம். இந்தத் தடவை பொறந்தப்புறம் வெச்சிக்கலாம்.”

“இத யார்ட்ட போயி சொல்றது?” என்று கேட்டுவிட்டு அவன் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். விவரமான பையன் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவன் மேல் பிரியம் வந்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு அவன் மேடைக்கு நான் சும்மாவே மைக் கட்டினேன்.

குக்கர் கதை இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆனி மாதத்தில் வந்தது. கடலூரில் பீச் ரோட்டுப் பக்கம் ஒரு காபிக் கடை மாடியில் முதலில் சொன்னான். பண்ருட்டி பஸ்ஸில் ஒரு அம்மா. பத்து மணிக்குப் போன் அடிக்கிறது, வெளியூரில் இருக்கும் மகன். அந்தம்மா பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பதை மகனிடம் சொல்லவில்லை. வீட்டில் சமைத்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். பஸ் எஞ்சின் உறுமுகிறது. “கிரைண்டர் போட்டிருக்கன்டா, இட்லிக்கு.” டிரைவர் பாட்டுப் போடுகிறார். “டிவிதான். நீ சொல்லு.” லாரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான். “வாசல்ல வாழக்கா லாரிடா, ரோட்ட மறிச்சிக்கிட்டு நிக்கிது.” கண்டக்டர் விசில் அடிக்கிறார். “குக்கரு. ஒண்ணு ஆச்சி.” மறுபடி விசில். “ரெண்டு.” அடுத்த விசிலுக்குள் கண்டக்டரே அந்தம்மா முகத்தைப் பார்த்து விசிலை வாயிலிருந்து எடுத்துவிடுகிறார். அந்தம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு அவரிடம், “இன்னும் ஒண்ணு ஊதிடு தம்பி, பருப்பு வேகல” என்கிறார்.

இந்த இடத்தில் கும்பிட்டு இறங்கிவிடுவான். காபிக் கடையில் ஏழு நிமிடம்தான் கொடுத்திருந்தார்கள், நேரமும் சரியாக இருந்தது. அடுத்த மாதத்துக்குள் நாலு மேடையில் இதைச் சொன்னான். நாலிலும் நான்தான் மைக். ஒரு தடவை சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, வால்யூமைக் குறைக்க வேண்டிய இடத்தில் ஏற்றிவிட்டேன். எவன் பெற்ற பிள்ளையோ, இவ்வளவு மடையனாக இருக்கிறானே என்று வீட்டில் என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன்.

ஆடியில் சிதம்பரம் பக்கம் ஒரு அம்மன் கோயில் திருவிழா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பாட்டுக் கச்சேரிக்கு முன்னால் அவனுக்குப் பத்து நிமிடம். பாடகர்கள் வந்த வேன் டயர் பஞ்சராகி வடலூரில் நின்றுவிட்டது. விழாக் கமிட்டிக்காரர் என் காதில் வந்து கத்தினார். நான் சவுண்ட் மிக்சருக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி, இழு, இழு என்று அவனுக்குச் சைகை காட்டினேன். கையிருப்பு எல்லாம் தீர்ந்துபோய்க் கடைசியில் குக்கர் கதைக்கு வந்தான். பருப்பு வேகல என்ற இடம் வந்தது. வேன் வரவில்லை. அதனால் முதல் தடவையாக அந்தப் பேச்சின் மிச்சத்தையும் சொன்னான்.

“சரிடா, மூணு விசில் ஆயிடுச்சி. வெக்கட்டா? வெக்கிறேன். வெச்சிட்டேன்.”

போனை வைக்கும் முன்பே வைத்துவிட்டேன் என்று சொல்வதைக் கேட்டு ஜனங்கள் ஓவென்று சிரித்தார்கள். எனக்குக் கை நின்றுவிட்டது. அந்த மூன்று வார்த்தைகளையும் அந்த வரிசையில் அந்த இழுப்போடு சொல்கிறவர் உலகத்தில் ஒருவர்தான். புவனகிரியில் தனியாக இருக்கும் என் அம்மா. தினமும் காலை பத்து மணிக்குக் கடையைத் திறந்ததும் நான் போன் செய்வேன். தினமும் அப்படித்தான் வைப்பாள்.

அவன் இறங்கி வந்ததும் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். “எந்த பஸ்ஸு? நெசமா எந்த பஸ்ஸு?”

“புவனகிரியிலேர்ந்து சிதம்பரம் வர்ற டவுன் பஸ்ஸுண்ணே. செவ்வாயும் வெள்ளியும். ஏன்?”

“எங்க எறங்குவாங்க?”

அவன் என்னைப் பார்த்தான். “தெரியாதுண்ணே. நான் அதுக்கு முன்னாடியே எறங்கிடுவேன்.”

யார் என்று சொன்னேன். அவன் அங்கேயே ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான்.

அம்மாவிடம் நேராகக் கேட்டால் மழுப்புவாள் என்று தெரியும். செவ்வாய்க்கிழமை காலையில் நான் புவனகிரிக்குப் போவது, அவன் அதே பஸ்ஸில் ஏறி அவள் இறங்கும் வரைக்கும் போவது என்று பேசிக்கொண்டோம். பத்து மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் நின்றேன். கதவில் பூட்டு. பூட்டைப் பார்த்துக்கொண்டே போன் போட்டேன்.

“என்னா, கடை தெறந்தாச்சா?” என்றாள் அம்மா. “நான் இப்பதான் அடுப்படிக்கு வந்தேன். கத்திரிக்கா வெச்சிருக்கேன்.” பின்னால் ஒரு உறுமல். பிறகு ஒரு விசில். “குக்கரு” என்றாள்.

குக்கர் விசில் ஆவியில் வருவது. மெதுவாக எழும்பி, நின்று, இறங்கும். கண்டக்டர் விசில் வாயால் ஊதுவது. எடுத்ததும் உச்சத்தில் இருக்கும், உள்ளே ஒரு மணி உருளும். இரண்டுக்கும் வித்தியாசம் சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். போனில் எல்லா விசிலும் ஒன்றுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அதுவும் பொய். அன்று அந்த வாசலில் நின்று கேட்டபோது உள்ளே உருளுகிற மணி வரைக்கும் தெளிவாகக் கேட்டது. சித்திரையிலிருந்து நாலு மாதம், வாரத்துக்கு இரண்டு நாள், இதே சத்தம் என் காதில்தான் விழுந்திருக்கிறது. கேட்டுக்கொண்டே கடையில் சாமான் எடுத்து வைத்திருக்கிறேன்.

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் அவன் அழைத்தான். “எறங்கிட்டாங்கண்ணே. ஆஸ்பத்திரி வாசல்” என்றான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா கட்டுப் போடும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இடது கால் எதிரே ஒரு ஸ்டூல் மேல் இருந்தது. முழங்காலுக்குக் கீழே துணி சுற்றி, அதில் ஈரம் கசிந்திருந்தது. பக்கத்தில் அவன், அவளுடைய ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் அம்மா முதலில் கேட்டது, “ஆடி மாசத்துல கடைய யார்ட்ட உட்டுட்டு வந்த?”

நான் அவள் கால் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“இந்தப் புள்ள யாருன்னே தெரியல. டோக்கன் வாங்கிக் குடுத்திச்சி, காபி வாங்கிக் குடுத்திச்சி. நல்லா இருக்கணும்” என்றாள்.

சர்க்கரை உடம்பு. சித்திரையில் செருப்பு கடித்த புண். வைகாசியில் ஒரு தடவை, ஆனியில் ஒரு தடவை ஊருக்குப் போயிருந்தேன். இரண்டு தடவையும் கட்டிலில் காலை நீட்டிப் போர்வையைப் போட்டுக்கொண்டு, முட்டி வலி என்றாள். நானும் தைலம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்குத் திருவிழாக் காலம் முடியட்டும், அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறாள்.

அன்றே சேர்த்தார்கள். மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அதற்கு முன்னால் டாக்டர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. “ஒரு மாசம் முன்னாடியே அட்மிட் ஆகச் சொன்னோம். கூட இருக்க ஆள் இல்ல, பையன் வரட்டும்னு தள்ளிப் போட்டுட்டாங்க. அப்பவே சேந்திருந்தா ரெண்டு விரலோட போயிருக்கும்” என்றார்.

நான் வெளியே தாழ்வாரத்துக்கு வந்தேன். அவன் நின்றுகொண்டிருந்தான். மூன்று நாளாக அங்கேயேதான் இருந்தான். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடுவது, ரத்தம் கொடுப்பது, எனக்கு இட்லி வாங்கி வருவது எல்லாம் அவன்தான். “என்னண்ணே சொன்னாங்க?” என்று கேட்டான்.

ஒரு மாதம் என்ற வார்த்தை என் வாயிலேயே இருந்தது. அதை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும். அவன் எதிரே நின்றான்.

“ஒரு மாசம்டா. ஒரு மாசத்துக்கு முன்னாடி தெரிஞ்சிருந்தா காலு இருந்திருக்குமாம். நீ அந்தக் கதைய மொத மொத எப்ப சொன்ன? அன்னைக்கே முழுசா சொல்லித் தொலைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்ல? சிரிக்க வெக்கிறானாம். எங்கம்மா கால வெச்சிதான் உனக்குச் சிரிப்பு வரணுமா?”

சுற்றியிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டேன்.

“ஆமாண்ணே” என்றான். கையில் இருந்த இட்லிப் பொட்டலத்தைப் பெஞ்சில் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

ஆவணியில் சென்னையில் ஒரு பெரிய அரங்கில் அவனுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். இரண்டு வருடம் அலைந்து கிடைத்தது. அவன் போகவில்லை. மேடை ஏறுவதையே விட்டுவிட்டான், கம்பெனி பைக்கை வாங்கிக்கொண்டு அதில்தான் சுற்றுகிறான் என்று ஆட்கள் சொன்னார்கள். அவனை ஏன் கூப்பிடுவதில்லை என்று கேட்டவர்களிடம், சென்னை என்றதும் பயந்துவிட்டான் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அசிங்கமாக இருந்தது. இருந்தும் சொன்னேன். தப்பு அவன் மேல் இருக்கும் வரைக்கும் எனக்குத் தூக்கம் வந்தது.

அம்மா இப்போது எங்களோடு கடலூரில் இருக்கிறாள். செயற்கைக் கால் வைத்து நடக்கிறாள், நின்று வேலை செய்யத்தான் முடியாது. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சமைப்பேன் என்று என் மனைவியோடு தினமும் தகராறு. இரண்டு வருடம் கழித்து, போன மாதம் ஒரு மத்தியானம் என் மகள் பழைய போனை நோண்டிக்கொண்டிருந்தாள். காபிக் கடை மாடியில் நான் எடுத்த வீடியோ அதில் இருந்திருக்கிறது. “அப்பா, இதப் பாரேன், யாரோ ஆயா மாதிரியே பேசுறாரு” என்று என்னைக் கூப்பிட்டவள், அம்மாவிடமே கொண்டுபோய்க் காட்டிவிட்டாள்.

நான் பறிக்கப் போவதற்குள் அம்மா பார்க்க ஆரம்பித்துவிட்டாள். கிரைண்டர் வந்தது, வாழைக்காய் லாரி வந்தது, குக்கர் வந்தது. அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். “நானா இப்புடிப் பேசுறேன்? பாவி, ஒரு வார்த்த உடலயே!” இன்னொரு தடவை போடச் சொன்னாள். அப்போதுதான் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“ஏண்டா, இது டோக்கன் வாங்கிக் குடுத்த புள்ளல்ல?”

“ஆமாம்மா.”

“பஸ்ஸுல அவ்வளவு சனம். பெத்த புள்ள நீயும்தான் அந்தாண்ட போன்ல. நான் பேசுனத காது குடுத்துக் கேட்டது இவன் ஒருத்தன்தான் போலருக்கு” என்றாள். என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை, அவளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. வீடியோவைப் பார்த்துக்கொண்டே சிரித்தபடி சொன்னாள். “அதுக்கப்புறம் அவன் வரவே இல்லயே. எங்க இருக்கான்? ஒரு நாளு கூட்டியா, ஒரு கொழம்பு வெச்சி சோறு போடணும்.”

மறுநாள் காலையில் கிளம்பிப் போனேன். கம்பெனி ஏஜெண்டிடம் விசாரித்ததில், புவனகிரி கடைத்தெருவில் இருப்பான் என்றார். ஒரு மளிகைக் கடை வாசலில் பைக்கை நிறுத்தி, பின் சீட்டில் டீத்தூள் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும், “வாங்கண்ணே, அம்மா எப்படி இருக்காங்க?” என்றான், நேற்றுப் பார்த்துப் பிரிந்தவனைப் போல.

வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்திருந்தது ஒன்றும் கைகொடுக்கவில்லை. ரோட்டோரத்தில் நின்று, லாரி போகிற சத்தத்தில், சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நீ அந்தக் கதையைச் சொன்னது ஒரு மாதம். எனக்கு அது நாலு மாதம் நேராகவே போனில் கேட்டது. அதே விசில். சத்தத்தைக் கேட்டுத்தான் நான் பிழைக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அந்தப் பழியைத் தூக்கி உன் தலையில் போட்டுவிட்டேன். உன் சென்னை மேடை போனதும் என்னால்தான்.

அவன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டு முடித்தான்.

“தெரியும்ண்ணே” என்றான். “பஸ்ஸுல எனக்குக் கேட்ட விசிலு அந்தாண்ட உங்களுக்குந்தான கேட்டிருக்கும். அன்னைக்கே தெரியும்.”

“அன்னைக்கேன்னா? தாழ்வாரத்துலயா?”

“ஆமா.”

“அப்பறம் ஏண்டா அங்கயே என்னைக் கேக்கல? நீ கேட்டிருந்தா நான் வாயைத் தெறந்திருப்பனா?”

பெட்டி அசைகிறதா என்று ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்:

“நீங்க அழுதுக்கிட்டு இருந்தீங்கண்ணே.”